சுடலைமாடத்தியும் செவலைக் குதிரையும்

விழிஞ்ஞத்துக்குப் பக்கத்தில் முக்கோலையில் இறங்கி, ‘குதிரைக்கார அக்கா வீடு’ என்று கேட்டால் போதும், எந்த ஆட்டோக்காரரும் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிடுவார். ஐந்து வருஷத்துக்கு முன் அதே வீட்டுக்குப் ‘புல்லுக்காரி வீடு’ என்று பெயர். அதற்கும் முன்னால் அந்த வீட்டுக்குப் பெயரே கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் அதுவும் ஒன்று.

சுடலைமாடத்திக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். கணவர் பிச்சைக்கனிக்குத் துறைமுகக் கட்டுமானத்தில் கம்பி கட்டும் வேலை கிடைத்தபோது, மகள் கௌசல்யாவை இங்கே நாலாம் வகுப்பில் சேர்த்துவிட்டு அவளும் சித்தாள் வேலைக்குப் போனாள். சிமெண்ட் அவள் கைக்கு ஆகவில்லை. விரலிடுக்கெல்லாம் வெடித்து நீர் கசிந்தது. வேறு வேலை தேடியபோதுதான் முல்லூர்த் தென்னந்தோப்பில் ஆறு குதிரைகள் இருப்பது தெரியவந்தது. கோவளத்தில் இரண்டு ஓட்டல் நடத்தும் ஹரிகுமாரின் குதிரைகள். பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லிக்கொடுக்க வைத்திருந்தார். குதிரைக்குத் தினமும் பச்சைப் புல் வேண்டும். வெள்ளாயணிக் காயலோரம் விடிகாலையில் புல் அறுத்து, லோடு ஆட்டோவில் ஏற்றி, எட்டு மணிக்குள் லாயத்தில் இறக்குவது மாடத்தியின் வேலையாயிற்று.

அந்த லாயத்துக்குத்தான் 2022 டிசம்பரில் ஏழாவதாக ஒரு குதிரை வந்து இறங்கியது. சுத்தமான பந்தய ரத்தம். மூன்று வயதுப் பெண் குதிரை. செம்பு நிறம், நெற்றியில் வெள்ளைக் கீற்று. ‘ஹார்பர் பெல்’ என்று பதிவுப் பெயர். ஹரிகுமார் ஆசைப்பட்டு ஏலத்தில் எடுத்து, பெங்களூரில் பிரவின்ராஜ் என்ற பயிற்சியாளரிடம் ஓடவிட்டிருந்தார். முதல் கோடையிலேயே மூன்று பந்தயம் ஓடி இரண்டில் ஜெயித்தது. நான்காவதுக்கு முந்தின வாரம் வலது முன்குளம்பின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு விழுந்தது. ஒட்டினார்கள், கட்டினார்கள், ஓய்வு கொடுத்தார்கள். ஓடவிடும் போதெல்லாம் அது மறுபடி திறந்து ரத்தம் வந்தது.

“இது இனிமே பந்தயத்துக்கு ஆகாது சார். குட்டி போடுற பண்ணைக்கு அனுப்பிடுங்க” என்று பிரவின்ராஜ் சொல்லிவிட்டார். ஹரிகுமாருக்கு மனசு வரவில்லை. கண்ணெதிரிலாவது நிற்கட்டும் என்று ஊருக்குக் கொண்டுவந்தார்.

வந்த மூன்றாம் நாள் அது குதிரைக்காரர் மகேஷ்குமாரைத் தொடையில் உதைத்தது. அவர் அதன் பக்கமே போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார். தீனியும் எடுக்கவில்லை. விலா எலும்பு தெரியத் தொடங்கியது. மாடத்தி புல் கட்டை இறக்கிவிட்டு அதன் முன்னால் தினமும் கால்மணி நேரம் நின்றாள். செவலை நிறம் என்பதால் ‘செவலை’ என்றே கூப்பிட்டாள். ஒரு வாரம் கழித்து ஹரிகுமாரிடம் போனாள்.

“மொதலாளி, இந்தக் குட்டிக்குக் கோவம் இல்ல. வலி.”

“அதொக்க டாக்டர்மார் நோக்கியாச்சு மாடத்தி.”

“வெடிப்பத்தான் பாத்துருக்காவ. அது காலு ஊனுதத ஆரும் பாக்கல, கேட்டியளா. பின்பக்கம் பாரம் போடப் பயந்து நுனிய வச்சே நடக்கு. அப்படி நடந்தா வெடிப்பு எப்படி மூடும்?”

அவள் அப்பா மாட்டுவண்டிப் பந்தயத்துக்குக் காளை வளர்த்தவர். கால் வைக்கும் விதத்தைப் பார்த்து வலி எங்கே என்று சொல்லும் வீட்டில் பிறந்தவள். இதை ஹரிகுமாரிடம் அன்றுதான் சொன்னாள். அவர் பாறசாலையிலிருந்து கால்நடை மருத்துவர் பிரிஸில்லாவை வரவழைத்தார். பிரிஸில்லா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார், லாடத்தைக் கழற்றிப் பார்த்தார், பிறகு மாடத்தியைப் பார்த்தார்.

“அக்கா சொன்னதுதான் செரி. லாடம் ஒரு பக்கமா பாரத்தத் தள்ளியிருக்கு. வெடிப்பு அதோட வெளைவு.”

குளம்பைச் செதுக்கி, பின்பக்கம் பட்டையால் மூடிய வேறு லாடம் அடிக்க ஏற்பாடு செய்தார். குளம்பின் மேல்விளிம்பில், மயிர் முடியும் இடத்தில், வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டார்.

“புது நகம் மேலேர்ந்து எறங்கி வரணும். மாசத்துக்கு ஒரு செண்டிமீட்டர்கூட வளராது. அஞ்சாறு மாசம் ஓடவே கூடாது. ஆனா சும்மா நின்னாலும் சதை வத்திப் போவும். அதான் கஷ்டம்.”

“தண்ணிக்குள்ள நடந்தா காலுல பாரம் தெரியாதுல்லா டாக்டரம்மா?”

பிரிஸில்லா குளம்பை இன்னொரு முறை தூக்கிப் பார்த்தார். “கடல்லயா?” என்று கேட்டார். “அரை மணிக்கூறு. அதுக்கு மேல வேண்டாம். வந்ததும் நல்ல தண்ணியில கழுவித் துடைச்சு ஒணத்தணும்.”

அப்படித்தான் அடிமலத்துறைக் கடற்கரைக்குக் குதிரை வந்தது. முதல் நாள் அலையைப் பார்த்ததும் செவலை இரண்டு காலில் எழும்பியது. கயிற்றை இழுத்தால் இன்னும் மிரளும். மாடத்தி கயிற்றைத் தளர விட்டுவிட்டு, கட்டியிருந்த சேலையோடு தான் மட்டும் தண்ணீருக்குள் போய் உட்கார்ந்தாள். அலை அவள் தலைக்கு மேலே ஏறி இறங்கியது. வாயில் உப்பு, கண்ணில் மணல். இருபது நிமிஷம் கழித்து அவள் கழுத்துக்குப் பின்னால் சூடாக ஒரு மூச்சு வந்தது. செவலை முட்டளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது.

கரையில் நின்று கரமடி வலை இழுத்துக்கொண்டிருந்த மீனவர்களுக்கு இது பெரிய வேடிக்கை. “சேச்சி, குதிரைக்கு மீன்பிடிக்கப் படிப்பிக்குதா?” என்று ஒருவர் சத்தம் கொடுத்தார்.

“ஆமா. ஒங்கள மாதிரி வெறுங்கையோட கரையேறாது” என்றாள் மாடத்தி. அன்று வலையில் ஒன்றும் படவில்லை. கேட்டவரே முதலில் சிரித்தார். அதன்பிறகு குதிரை வரும் நேரத்துக்கு வலைக் கயிற்றை ஓரமாக ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

ஜனவரி, பிப்ரவரி, மார்ச். பெயிண்ட் கோடு மெள்ள மெள்ளக் கீழே இறங்கியது. கோட்டுக்கு மேலே வந்த நகம் வழவழவென்று, வெடிப்பில்லாமல் இருந்தது. செவலை இடுப்பளவுத் தண்ணீரில் அலையை நெஞ்சால் முட்டித் தள்ளிக்கொண்டு நடந்தது. தோள் திரண்டது. பசி வந்தது. மாடத்தி கொண்டுவரும் புல்லை மட்டும் முதலில் தின்றுவிட்டுத்தான் மற்றத் தீனியைத் தொடும். மகேஷ்குமார் இப்போதும் தூரத்தில்தான் நின்றார்.

மே மாதம் ஒரு காலை. பள்ளி விடுமுறை என்பதால் கௌசல்யாவும் கூட வந்திருந்தாள். அவளுக்குக் குதிரை என்றால் பயம். மேட்டில் நின்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். கரையேறும்போது எங்கோ பட்டாசு வெடித்தது. செவலை ஒரே வெட்டில் கயிற்றை மாடத்தியின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. அடுத்த நொடி ஈர மணலில் பறந்துகொண்டிருந்தது.

“அய்யோ, காலு போச்சே, காலு போச்சே” என்று அலறியபடி மாடத்தி பின்னால் ஓடினாள். ஐந்து மாதப் பாடும் ஒரு நிமிஷத்தில் வீணாகப்போகிறது என்றே நினைத்தாள். செவலை கடற்கரையின் மறுகோடிவரை போய், வட்டமடித்து, அதே வேகத்தில் திரும்பி வந்து அவள் முன்னால் நின்றது. உடம்பெல்லாம் ஆவி பறந்தது. மாடத்தி மணலில் மண்டியிட்டு அந்தக் குளம்பைத் தூக்கிப் பார்த்தாள். ரத்தம் இல்லை, சூடு இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. பிரிஸில்லா வந்து பார்த்துவிட்டு அதையே சொன்னார்.

கௌசல்யாவின் போனில் அந்த ஓட்டம் முழுவதும் இருந்தது. ஹரிகுமார் அதைப் பத்து முறையாவது பார்த்திருப்பார். மறுநாள் அளவு நாடாவோடு கடற்கரைக்குப் போய், படத்தில் தெரிந்த ஒரு கவிழ்த்த வள்ளத்துக்கும் விளக்குக் கம்பத்துக்கும் இடையே அளந்தார். நானூறு மீட்டர். அந்தத் தூரத்தைச் செவலை கடக்க எடுத்தது இருபத்தைந்து நொடி. படத்தையும் அளவையும் பெங்களூருக்கு அனுப்பினார். அரைமணி நேரத்தில் பிரவின்ராஜ் கூப்பிட்டார்.

“சார், இது மணல்லயா ஓடுச்சு? நெஜமா அதே குதிரையா?”

ஜூனில் செவலை பெங்களூருக்குப் போனது. மாடத்தி லாரிக்குள் ஏற்றிவிட்டு வந்து அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. பத்தாம் நாள் பிரவின்ராஜிடமிருந்து மறுபடி போன். குதிரை தீனியைத் தொடவில்லை, இரண்டு பேரைக் கடித்துவிட்டது, அந்தப் புல்லுக்கார அம்மாவை அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

வீட்டில் பேச்சு நடந்தது. மாடத்திக்குத்தான் தயக்கம். “பொட்டப்பிள்ளய வச்சுக்கிட்டு நான் அத்தன தூரம் எப்படிப் போவ?”

“நான் சோறு பொங்க மாட்டனா?” என்றார் பிச்சைக்கனி. “கம்பி கட்டத் தெரிஞ்சவனுக்கு உல வைக்கத் தெரியாதா? ஒன்ன நம்பி ஒரு சீவன் பட்டினி கெடக்கு. போய்ட்டு வா.”

“அம்மா, போ. ஞானும் அப்பாவும் மேனேஜ் செய்துக்கலாம்” என்றாள் கௌசல்யா.

பெங்களூர் லாயத்தில் குதிரைக்காரர்கள் எல்லாரும் ஆண்கள். சேலைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு வந்த பெண்ணைப் பார்த்து, “புல்லு போட வந்தியாம்மா?” என்று ஒருவர் கேட்டார். “ஆமா, புல்லு போடத்தான்” என்று சொல்லிவிட்டு அவள் நேரே செவலையின் அறைக்குள் போனாள். கடித்துவிடும் என்று இரண்டு பேர் கத்தினார்கள். செவலை அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டது. அன்று மாலையே தொட்டியைக் காலிசெய்தது. பெண்ணுக்குக் குதிரைக்காரர் அடையாள அட்டை கொடுப்பதற்கு விதி இருக்கிறதா என்று அலுவலகத்தில் தேடினார்கள். கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். அட்டை கிடைத்தது.

நவம்பரில் செவலை மறுபடி பந்தயத்தில் இறங்கியது. நான்காவதாக வந்தது. ஓட்டிய ஜாக்கி அகில் நெய்யாற்றின்கரைக்காரர். இறங்கியதும் மாடத்தியிடம் வந்தார்.

“சேச்சி, அவளுக்குத் தெம்பு உண்டு. பட்சே கடைசி முந்நூறு மீட்டர்ல தானா நிறுத்துறா. சாட்டைய எடுத்தா இன்னும் சுருங்குறா.”

“வலி வரும்னு நெனைக்கா. போன வலி அவ நெனப்புல இருக்கு. சாட்டய எடுக்காதீய தம்பி. அவளே போகட்டும்.”

பிரவின்ராஜ் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். மறுநாளிலிருந்து காலைப் பயிற்சியில் ஒரு மெதுவான குதிரையை முன்னால் ஓடவிட்டு, செவலையைப் பின்னால் விட்டார்கள். முந்தலாமா வேண்டாமா என்பதை அதனிடமே விட்டார்கள். முதல் வாரம் அது முந்தவில்லை. இரண்டாம் வாரம் ஒருநாள் முந்தியது. அதன்பின் முந்தாமல் இருந்ததே இல்லை. டிசம்பர்ப் பந்தயத்தில் கழுத்தளவு வித்தியாசத்தில் ஜெயித்தது. அடுத்ததில் நான்கு குதிரை நீளம். ஜனவரியில் இன்னும் ஒன்று. பந்தயத்தாள்களில் ஹார்பர் பெல் என்ற பெயர் கொட்டை எழுத்தில் வரத் தொடங்கியது.

பிப்ரவரியில் நந்திமலைக் கோப்பை. இரண்டாயிரம் மீட்டர், அந்த வருஷக் குளிர்காலத்தின் பெரிய பந்தயம். அதற்கு மூன்று நாள் இருக்கும்போது, காலையில் குளம்பைத் தொட்ட மாடத்தியின் உள்ளங்கையில் சூடு தெரிந்தது. அதே வலது முன்கால். செவலை அந்தக் காலை லேசாக நீட்டி வைத்துக்கொண்டு நின்றது.

பிரவின்ராஜின் முகம் கறுத்துவிட்டது. “முடிஞ்சுது. பழைய எடமே திறக்குது. பேரை எடுத்துடலாம்.”

“கொஞ்சம் பொறுங்க சாரே.” மாடத்தி வெடிப்பு இருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். செவலை அசையவில்லை. பிறகு சின்னச் சுத்தியலை வாங்கி லாட ஆணிகளை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் செவலை காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

“இது வெடிப்பு இல்ல. நேத்து புதுசா அடிச்ச ஆணி. உள்சதைக்குக் கிட்டப் போயிருக்கு.”

லாடம் அடிப்பவரை அழைத்து அந்த ஒரு ஆணியைப் பிடுங்கினார்கள். குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்து அன்று முழுக்க மாடத்தி பக்கத்திலேயே இருந்தாள். சாயங்காலத்துக்குள் சூடு இறங்கியது. மறுநாள் செவலை நாலு காலையும் சமமாக ஊன்றி நின்றது. மைதானத்து மருத்துவர் ஓடவிட்டுப் பார்த்து, தடையில்லை என்று கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. பதினொரு குதிரைகள். எல்லாரும் கைகாட்டியது ஹைதராபாத்திலிருந்து வந்த ஒரு கறுப்பு ஆண் குதிரையை. ஆறு பந்தயம் ஓடி ஆறிலும் ஜெயித்தது. மாடத்தி வேலியோரம் மற்றக் குதிரைக்காரர்களோடு நின்றாள். கதவுகள் திறந்ததும் செவலை கடைசிக்கு முந்தின இடத்தில் இருந்தது. பாதித் தூரத்திலும் அதே இடம். பக்கத்தில் நின்றவர், “உங்க குதிரைக்கு இன்னிக்கு இல்லம்மா” என்றார். மாடத்தி குதிரையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது முன்னால் நிமிர்ந்திருந்தது. வலியோ பயமோ இருந்தால் பின்னால் மடங்கியிருக்கும்.

கடைசித் திருப்பத்தில் அகில் அதை வெளிப்பக்கம் எடுத்தார். முன்னால் வெறும் புல்வெளி. கடைசி முந்நூறு மீட்டர். எந்த இடத்தில் அது முன்பு பயந்து சுருங்கியதோ அதே இடத்தில் செவலை கழுத்தைத் தாழ்த்தி நீட்டியது. ஐந்து குதிரைகளை ஒரே மூச்சில் தாண்டியது. கறுப்புக் குதிரையின் ஜாக்கி சாட்டையை ஓங்கினான். அகிலின் சாட்டை அவர் கைக்குள் அப்படியே இருந்தது. இரண்டும் ஒரு கணம் ஒன்றாகத் தெரிந்தன. அப்புறம் செவலை மட்டும் தெரிந்தது. மூன்று குதிரை நீளத்தில் கோட்டைத் தாண்டியது.

“நான் கத்துனேம்னு எல்லாரும் சொல்லுதாவ. எனக்கு என் சத்தமே கேக்கல. அதோட காலுச் சத்தந்தான் கேட்டுச்சு” என்று, இந்தக் கதையைக் கேட்க அவள் வீட்டுக்குப் போன என்னிடம் மாடத்தி சொன்னாள்.

ஜெயித்த குதிரையை அதன் சொந்தக்காரர் கடிவாளம் பிடித்து உள்ளே அழைத்துவருவது வழக்கம். ஹரிகுமார் கசவு வேட்டியோடு சிரித்துக்கொண்டே ஓடிவந்து கடிவாளத்தைப் பிடித்தார். செவலை காதை மடக்கிப் பல்லைக் காட்டியது. அவர் இரண்டடி பின்வாங்கினார்.

“நீ பிடி மாடத்தி. நீ தன்னே பிடி. ஞான் கூட நடந்தா போதும்.”

நீலச் சேலையும் லாயத்துச் சட்டையுமாக மாடத்தி அந்தக் கூட்டத்துக்கு நடுவே செவலையை நடத்திக்கொண்டு வந்தாள். மேலே அகில், பக்கத்தில் ஹரிகுமார், பின்னால் பிரவின்ராஜ். கோப்பை கொடுக்கும் மேடையில் அறிவிப்பாளர் எல்லார் பெயரையும் படித்தார். குதிரைக்காரர் பெயர் வந்ததும், “சுட... சுடலை...” என்று தடுமாறி நிறுத்தினார். பிரவின்ராஜ் அவர் கையிலிருந்த மைக்கை வாங்கினார். “சுடலைமாடத்தி!” என்றார், மைதானம் முழுக்கக் கேட்கும்படி. “இந்தக் குதிரைய நான் வேண்டாம்னேன். இந்த அம்மாதான் திருப்பிக் கொண்டுவந்தாங்க.” கைதட்டு நிற்க வெகுநேரம் ஆயிற்று. வேலியோரம் நின்ற குதிரைக்காரர்கள் விசில் அடித்தார்கள்.

முக்கோலையில் ஒரு டீக்கடை வாசலில் பிச்சைக்கனியும் கம்பி கட்டும் ஆட்கள் இருபது பேரும் ஒரே போனைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். மனைவியின் பெயரை மைக்கில் கேட்டதும் பிச்சைக்கனி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு கடையிலிருந்த பழம்பொரி அத்தனையையும் எடுத்து எல்லார் கையிலும் கொடுத்தார். “எம் பொண்டாட்டி, எம் பொண்டாட்டி” என்று தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஹார்பர் பெல் மொத்தம் பதினாறு பந்தயம் ஓடியது, பத்தில் ஜெயித்தது. அந்தக் குளம்பு பிறகு ஒருநாளும் வெடிக்கவில்லை. ஆறு வயதில், ஒரு நொண்டலும் இல்லாமல், ஜெயித்த கையோடு ஓய்வுபெற்றுக் குட்டி போடும் பண்ணைக்குப் போனது. வண்டியில் ஏற்றிவிட்டதும் மாடத்திதான். இம்முறை அவள் நன்றாகச் சாப்பிட்டாள். அங்கே புல் நல்ல புல் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

இப்போது ஒவ்வொரு டிசம்பரிலும் பெங்களூரிலிருந்து கால் வலியுள்ள நாலைந்து பந்தயக் குதிரைகள் முல்லூருக்கு வருகின்றன. மாடத்தியின் கீழே மகேஷ்குமாரும், அவள் வரிசை வீடுகளைச் சேர்ந்த இரண்டு பெண்களும் வேலை பார்க்கிறார்கள். எல்லாக் குதிரையும் தேறிவிடுவதில்லை. ஓடாது என்று தெரிந்தால் அதையும் அவளே முதலில் சொல்லிவிடுகிறாள்.

போன வருஷம் ஹரிகுமார் அவளைக் குதிரை ஏலத்துக்கே கூட்டிப்போனார். பளபளவென்று உயரமாக ஒரு குட்டி வந்தது. ஏலத்தில் எல்லாக் கைகளும் உயர்ந்தன. மாடத்தி வேண்டாம் என்று தலையாட்டினாள். கடைசியில், பாதிப் பேர் எழுந்து போன பிறகு, கறுத்துச் சிறுத்த ஒரு பெண் குட்டியை நடத்திக்கொண்டு வந்தார்கள்.

“அந்தக் கருப்பிய எடுங்க மொதலாளி.”

“இதுல என்னம்மா இருக்கு?” என்றார் கூட வந்திருந்த பிரவின்ராஜ்.

“கண்ண மூடிட்டுக் கேளுங்க சாரே. நாலு காலும் ஒரே சத்தத்துல விழுது பாருங்க.”

பிரவின்ராஜ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திறந்ததும் ஹரிகுமாரைப் பார்த்துத் தலையசைத்தார். ஹரிகுமார் கையை உயர்த்தினார்.

கருப்பி தன் முதல் பந்தயத்தைப் போன மாதம் ஓடியது. இரண்டாவதாக வந்தது. ஹரிகுமார் வருத்தத்தோடு போன் செய்தபோது நான் முக்கோலையில் அவள் வீட்டில்தான் இருந்தேன். மாடத்தி ஓட்டத்தின் படத்தைக் கௌசல்யாவின் போனில் மூன்றுமுறை பார்த்து முடித்திருந்தாள்.

“எதுக்கு மொதலாளி சங்கடப்படுதிய? ஓடி முடிச்சு நிக்கையில அது மூக்கு விரியவே இல்ல பாத்தியளா? மூச்சு அம்புட்டும் மிச்சம் இருக்கு. அடுத்தவாட்டி நீங்க கடிவாளம் பிடிக்கணும், வேட்டிய நல்லா மடிச்சுக் கட்டிக்கிட்டு வாங்க, பல்லுக்குச் சிக்காம” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.